சர்வேயர் வரும்வரை

1

இந்த வாரம் மறுபடியும் உறைபனி எச்சரிக்கை விட்டிருக்கிறார்கள். டெக்சஸ் வெயில் ஊர், நம் சேலத்துக்கு அண்ணன் என்று சொல்லித்தான் என் கணவர் செந்தில் என்னை இங்கே கூட்டி வந்தார். வெயில் விஷயத்தில் அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் குளிர்காலத்தில் சில நாட்கள் வடக்கேயிருந்து ஒரு காற்று வந்து இறங்கும். அப்போது குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் கல்லாகிவிடும். போன வருடம் அப்படி ஒரு வாரத்தில்தான் எங்கள் வீட்டுக்கு அது நடந்தது. வருடம் திரும்பிவிட்டது, எனக்கு இன்னும் அதிர்ச்சி தீரவில்லை. திருடு போயிருந்தால் திருடனையாவது திட்டித் தீர்க்கலாம். எங்கள் கதையில் வாய்விட்டுத் திட்டுவதற்கு ஒரு ஆள்கூடக் கிடைக்கவில்லை.

ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்கிறீர்கள், அமெரிக்காவில் வீட்டுக்குக்கூட இன்சூரன்ஸ் உண்டாமே என்று. உண்டு. இன்சூரன்ஸ் இல்லாமல் வீட்டுக் கடனே கொடுக்க மாட்டார்கள். அது எது வரைக்கும் உண்டு, எந்த இடத்தில் கையை விரிக்கும் என்பதை நாங்கள் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டோம்.

2

நான் வாழப்பாடிப் பக்கம். அப்பாவுக்குப் பாக்குத் தோப்பு. மரம் சாய்ந்தால் சாய்ந்ததுதான், அதற்கு யாரிடமாவது பணம் கேட்கலாம் என்றே எங்களுக்குத் தெரியாது. செந்திலின் ஊர் நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில். மாமனாருக்கு லாரித் தொழில். அந்த வீட்டுப் பிள்ளைகள் பேச்சு வந்த நாளிலிருந்து டயர், பெர்மிட், எஃப்.சி. என்றுதான் பேசும். தேர்டு பார்ட்டி என்றால் என்ன, ஃபுல் இன்சூரன்ஸ் என்றால் என்ன என்று அந்த ஊரில் பெட்டிக்கடைக்காரர்கூட விளக்குவார். கல்யாணமான புதிதில் என் மாமனாரும் அவர் நண்பர்களும் வாசலில் உட்கார்ந்து கிளெய்ம் கதைகளை, மற்ற ஊர்களில் கிரிக்கெட் பேசுவதைப் போல மணிக்கணக்காகப் பேசுவதைக் கேட்டு நான் அசந்துபோயிருக்கிறேன்.

அந்தக் கதைகளில் ராஜா கதை ஒன்று உண்டு. மாமனாரின் வண்டி முட்டை லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனபோது ஆந்திராவில் ஒரு வளைவில் கவிழ்ந்துவிட்டது. டிரைவருக்குச் சின்னக் காயம்தான். மாமனார் பஸ் பிடித்து அங்கே போய்ச் சேர்ந்தார். கோடை வெயில். உடைந்த முட்டை ரோட்டோரம் முழுக்க வழிந்து நாற்றம் குடலைப் பிடுங்கியதாம். பக்கத்து ஊர்க்காரர்கள் வண்டியைத் தூக்கு என்று சண்டைக்கு வந்தார்கள். கிரேன்காரர் வந்து நின்றார். மாமனார் எதற்கும் அசையவில்லை. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து கவிழ்ந்த நிலையிலேயே வண்டியைப் பார்த்து, போட்டோ எடுத்து, எழுதிக்கொண்டு போகும்வரை ஒரு நட்டைக்கூடத் தொடவிடாமல் அந்த நாற்றத்திலேயே காவல் இருந்தார். கிளெய்ம் முழுதாகப் பாஸானது. அதே பருவத்தில், ஊர்க்காரர்களுக்குப் பயந்து வண்டியை நகர்த்திய இன்னொரு லாரிக்காரருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் தொழிலையே விட்டுவிட்டார். மாமனாரின் தொழில் நிலைத்தது. அந்த வண்டி மறுபடி ஓடித்தான் செந்தில் இன்ஜினியரிங் படித்தார், அமெரிக்கா வந்தார், என்னைக் கட்டினார்.

ஆகவே எங்கள் வீட்டில் அது வெறும் கதை இல்லை. சர்வேயர் வரும்வரை கை வைக்கக் கூடாது என்பது செந்திலுக்குத் தாய்ப்பாலோடு வந்தது.

3

இங்கே வீடு வாங்கியபோது இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் வந்தார். பொறுமையான மனிதர். எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்று ஒவ்வொன்றாக விளக்க ஆரம்பித்தார். செந்தில் அவரைக் கையமர்த்தி, எங்கள் ஊரில் இதுதான் தொழில், ஃபுல் கவரேஜ்தானே என்று கேட்டார். எங்களிடம் இருப்பதிலேயே நல்ல பாலிசி இது என்றார் ஏஜென்ட். அவ்வளவுதான், கையெழுத்தாகிவிட்டது. பிறகு இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் கார் இடித்தால், கூரை ஒழுகினால் எல்லாரும் செந்திலுக்குத்தான் போன் செய்வார்கள். நாமக்கல்காரர், விவரம் தெரிந்தவர் என்று அவருக்கு ஒரு பெயர். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்ததை மறைப்பானேன்.

போன வருட உறைபனியில் எங்கள் தெருவில் மின்சாரம் போயிற்று. மறுநாள் மின்சாரம் வந்து வீடு சூடானதும், மேலே மச்சுக்குள் போகும் குழாய் வெடித்தது. இங்கே தண்ணீர்க் குழாயைக் கூரைக்கும் உள்கூரைக்கும் நடுவில் கொண்டுபோகிறார்கள். எங்கள் மகள் மகிழின் அறை உள்கூரை ஊறி, ஒரு பகுதி அப்படியே அவள் கட்டில் மேல் விழுந்தது. நல்லவேளை, அவள் கீழே என்னோடு இருந்தாள். படிக்கட்டு வழியாகத் தண்ணீர் ஹாலுக்கு இறங்கி, சுவர்வரைக்கும் ஒட்டியிருந்த கார்ப்பெட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டது. எதிர்வீட்டுப் பள்ளி ஆசிரியர் ஓடி வந்து தெரு வால்வை மூடினார். தன் வீட்டிலிருந்த ஈரம் உறிஞ்சும் மிஷினையும் பெரிய ஃபேனையும் எடுத்து வருகிறேன், கார்ப்பெட்டை இப்போதே கிழித்து வெளியே போட்டுவிடலாம் என்றார்.

செந்தில் அவருக்கு நன்றி சொல்லி, வேண்டாம் என்றுவிட்டார்.

என் கை பரபரத்தது. எங்கள் தோப்பு வீட்டில் மழை உள்ளே வந்தால் அம்மா ஒரு நிமிடம் யோசிக்க மாட்டாள். பழைய வேட்டியை எடுத்துத் துடைத்துப் பிழிந்துகொண்டேதான் வானத்தைத் திட்டுவாள். நான் துண்டை எடுத்தேன், சண்டையே போட்டேன். செந்தில் துண்டை வாங்கிக் கொடியில் போட்டுவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தார். இங்கே விளக்கு வைக்கும் நேரம், அங்கே மாமனார் எழுந்து பல் விளக்கும் நேரம்.

மாமனார் பதறவில்லை. குழந்தைக்கு ஒன்றும் இல்லையே என்று முதலில் கேட்டுக்கொண்டார். பிறகு தன் தொழில் குரலுக்கு வந்தார்.

“உங்க ஊட்டுல எது எப்பிடி உழுந்து கெடக்குதோ அப்பிடியே கெடக்கட்டும் சாமி. மனசு கேக்காது, இருந்தாலும் சர்வேயர் வர்ற வரைக்கும் கை வெச்சராதீங்க. அம்மிணிகிட்டயும் சொல்லிரு.”

அவர் எப்போதும் அப்படித்தான் சொல்வார், உங்க ஊடு. இங்கே இரண்டு முறை வந்து தங்கியிருக்கிறார். பின்கட்டில் கறிவேப்பிலைத் தொட்டி வைத்துக் கொடுத்தது அவர்தான். ஆனாலும் நம்ம ஊடு என்றால் அவருக்கு நாமக்கல் வீடுதான். எனக்கு அதில் லேசான வருத்தம் உண்டு, சொன்னதில்லை.

4

இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தோம். செந்தில் சர்வேயர் எப்போது வருவார் என்று கேட்டார். போனை எடுத்த பெண் நில அளவை செய்பவர்களின் அலுவலகத்துக்குப் பேசச் சொன்னாள். இங்கே சர்வேயர் என்றால் காணி அளக்கிறவர், நமக்கு வேண்டியவருக்கு அட்ஜஸ்டர் என்று பெயர் என்பதைப் பக்கத்தில் இருந்த மகிழ் சொல்லிக்கொடுத்தாள். பன்னிரண்டு வயது. அப்பாவின் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு அறைக்கு ஓடும் வயது. அவளுக்குத்தான் ஓடுவதற்கு அறை இல்லாமல் போயிருந்தது.

ஊரெல்லாம் குழாய் வெடித்திருந்ததால் அட்ஜஸ்டர் வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. நாங்கள் பின்பக்கம் நனையாத அறையில் மூன்று பேரும் முடங்கிக்கொண்டோம். வெளியே குளிர், உள்ளே ஹீட்டர், நடுவே ஈரக் கார்ப்பெட். முதலில் ஊறப்போட்டு மறந்த துணியின் வாடை வந்தது. பிறகு சுவர் அடியில் கருப்புப் புள்ளிகள் வந்தன. பிறகு அவை புள்ளிகளாக இல்லை. மகிழுக்கு மூச்சிழுப்பு திரும்ப வந்தது. சின்ன வயதில் விட்டுப்போயிருந்த இழுப்பு. அவளைத் தோழி வீட்டுக்கு அனுப்பினேன். செந்திலிடம் நான் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். அவர் தினமும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு போய், எதுவும் இடம் மாறவில்லை என்று பார்த்துவிட்டு வந்தார். மாமனார் தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கூப்பிட்டுக் கேட்டார், சர்வேயர் வந்தாச்சா சாமி என்று.

வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி, காலில் ரப்பர் பூட்ஸ், கையில் டார்ச். வாசலிலேயே முகக்கவசம் போட்டுக்கொண்டார். படி ஏறினார், இறங்கினார், சுவரில் ஒரு கருவியை வைத்துப் பார்த்தார். பிறகு செந்திலிடம் கேட்டார்.

“தண்ணீரை நிறுத்திய பிறகு, காயவைப்பதற்கு என்னவெல்லாம் செய்தீர்கள்?”

“எதையும் நாங்கள் தொடவில்லை” என்றார் செந்தில். “அன்றைக்கு இருந்தபடியே வைத்திருக்கிறோம், நீங்கள் பார்ப்பதற்காக.”

சொல்லும்போது அவர் முகத்தில் பரீட்சையை நன்றாக எழுதிவிட்டு வந்த பிள்ளையின் களை இருந்தது. அந்தப் பெண்மணி அவரையே பார்த்தார். கோபம் இல்லை. பரிதாபம் என்றும் சொல்ல முடியவில்லை. இப்படி ஒரு பதிலை அவர் அதுவரை கேட்டதில்லை என்று தோன்றியது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். திடீரென்று குழாய் வெடித்து வரும் தண்ணீருக்குப் பாலிசி உண்டு. ஆனால் அதற்குப் பிறகு சேதம் கூடாமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரரின் கடமை. போட்டோ எடுத்துவிட்டு அன்றைக்கே தண்ணீரை உறிஞ்சியிருக்க வேண்டும், கார்ப்பெட்டை எடுத்திருக்க வேண்டும், ஃபேன் போட்டிருக்க வேண்டும். அதற்கான வாடகையைக்கூடக் கம்பெனி கொடுத்திருக்கும். காயவைக்காமல் விட்டதால் வந்த பூஞ்சைக்குப் பாலிசியில் இடம் இல்லை.

எனக்குக் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. துடைத்திருந்தால் கொடுப்பார்களாம். துடைக்காமல் வைத்ததால் இல்லையாம். அங்கே தொட்டால் போச்சு, இங்கே தொடாவிட்டால் போச்சு. நாங்கள் என்ன சோம்பேறித்தனத்திலா விட்டோம்? இவ்வளவு நாற்றத்தையும் பொறுத்துக்கொண்டு காவல் இருந்தோமே என்று அவரிடம் கத்தத் தோன்றியது. என் வாயிலிருந்து வந்தது, காபி சாப்பிடுகிறீர்களா என்ற கேள்விதான். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லி, என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

அந்தக் காலைப்பொழுதில் ஹாலில் நின்ற செந்திலின் நிலையை எழுத எனக்குத் தெரியவில்லை. பிறகு போய்க் கார்ப்பெட்டின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தார். அது நைந்து கையோடு வந்தது.

5

கடைசியில் உள்கூரைக்கும் குழாய்க்குப் பக்கத்துச் சுவருக்கும் மட்டும் ஏதோ கொடுத்தார்கள். மற்றதெல்லாம் இல்லை. வெளியே வாடகைக்குத் தங்குவதற்கும் இல்லை, ஏனென்றால் நாங்கள் வெளியே போனது தண்ணீரால் இல்லையாம், பூஞ்சையால்தானாம். செந்தில் மேல்முறையீடு செய்தார், வக்கீலைப் பார்த்தார். வக்கீல் பாலிசியைப் படித்துவிட்டு, இதைத்தான் முதல் நாளே எழுதியிருக்கிறார்களே என்றார். மகிழும் அதையே கேட்டாள். அவள் கேட்டது ஆங்கிலத்தில், குரலை உயர்த்தாமல். இதை நீங்கள் யாரும் படிக்கவே இல்லையா? அதன் பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து வரும் தாள்களை அவள் அப்பாவிடம் கொடுப்பதில்லை. தானே படித்து, கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் காட்டுகிறாள். வெடித்த குழாயைவிட அதுதான் எனக்கு வலிக்கிறது.

சின்ன வாடகை வீட்டுக்குப் போனோம். சனி ஞாயிறுகளில் இங்கே வந்து சுவரை இடித்தோம், சுரண்டினோம், அள்ளிப் போட்டோம். கோடையில் திரும்பி வந்தோம். மகிழின் அறை மட்டும் இன்றைக்கும் சுவர்ப்பலகை அடிக்காமல் வெறும் மரச்சட்டங்களோடு நிற்கிறது. அவள் ஹாலில் படுக்கிறாள்.

இதில் ஒன்று மட்டும் மாமனாருக்குத் தெரியாது. கம்பெனியின் கடிதம் வந்த அன்று விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவர் கூப்பிட்டபோது, செந்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு, “பாஸாயிருச்சுங்கப்பா, ஃபுல்லா” என்றார்.

மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. லாரி புக்கிங் ஆபீசில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம். அமெரிக்காவாக இருந்தாலும் நாமக்கல்லாக இருந்தாலும் இன்சூரன்ஸ் ஒன்றுதான் என்று கதை சொன்னாராம். முட்டை லோடு கதைக்குப் பிறகு இது இரண்டாவது ராஜா கதை. வயதானவர், கண்புரை ஆபரேஷன் ஆகி வண்டித் தொழிலைப் பங்காளியிடம் விட்டவர், அவருக்கு இந்த ஒரு சந்தோஷம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

6

முந்தாநாள் ஒரு போன் வந்தது. நியூஜெர்சியில் இருக்கும் ரமேஷ், சேந்தமங்கலத்துக்காரர். அவருடைய அப்பாவும் லாரிக்காரர், என் மாமனாரோடு அதே புக்கிங் ஆபீசில் உட்காருபவர். ரமேஷ் வீட்டில் வாஷிங் மிஷின் பைப் பிடுங்கிக்கொண்டு மேல்மாடி முழுக்கத் தண்ணீராம். முதல் நாள் மாலை நடந்தது. கைக்குழந்தை இருக்கிற வீடு.

செந்தில் ஸ்பீக்கரில் போட்டார். ரமேஷ் உற்சாகமாகத்தான் பேசினார்.

“ஒண்ணையும் தொடலீங்கண்ணா. உங்கப்பா எங்கப்பாகிட்ட சொல்லியுட்டாருங்க, செந்திலூட்டுல அப்பிடியே வெச்சிருந்துதான் ஃபுல்லா வந்துதுன்னு. அட்ஜஸ்டர் அடுத்த வாரம் வாராங்களாம். அது வரைக்கும் கதவச் சாத்தி வெச்சறலாமுங்களா?”

எங்கள் வீட்டு மூலையில் கிடந்த ஒரு பொய் எழுந்து நடந்து, இன்னொரு குழந்தை படுக்கும் வீட்டுக்குள் போய் நின்றுவிட்டது. நான்தான் போனைப் பிடுங்கினேன். போட்டோ எடுங்கள், வீடியோ எடுங்கள், எடுத்து முடித்த நிமிடமே கார்ப்பெட்டைக் கிழித்து வெளியே போடுங்கள், ஃபேன் வாடகைக்கு எடுங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் குழம்பினார். அண்ணன் அப்பிடிச் செய்யலீங்களே அக்கா என்றார். அப்படிச் செய்யாததால் எங்களுக்கு ஒன்றும் வரவில்லை தம்பி என்று சொல்லிவிட்டேன். அவர் போனை வைக்காமலே மனைவியைக் கூப்பிட்டு ஃபேனைக் கொண்டு வரச் சொல்வது கேட்டது.

அன்று மாலை மாமனார் கூப்பிடுவதற்கு முன்பே செந்தில் கூப்பிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஒளிவுமறைவு இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். முடிந்ததும் மாமனார் ஒன்று கேட்டார்.

“அப்ப கொளந்தைக்கு இழுப்பு வந்துதே, அதுவும் இதனாலதானா?”

“ஆமாங்கப்பா.”

“நான் சொன்னதுனால.”

செந்தில் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டோம், எடுக்கவில்லை.

நடந்ததை நேற்று ரமேஷ் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். மாமனார் போனை வைத்த கையோடு, டீகூடக் குடிக்காமல் புக்கிங் ஆபீசுக்குப் போயிருக்கிறார். எல்லாரும் இருக்கும்போது ரமேஷின் அப்பாவிடம், நான் சொன்னது தப்பு, அந்த ஊர்ச் சட்டம் எனக்குத் தெரியாது, என் மகனுக்கு ஒரு பைசா பாஸாகவில்லை, உன் பையனை உடனே துடைக்கச் சொல்லு என்றிருக்கிறார். டீ வாங்கிக் குடித்த அத்தனை பேரும் அங்கே இருந்தார்களாம். சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கி அவருக்குப் பழக்கமே இல்லை. சுற்றுக் கிராமங்களிலிருந்து கிளெய்முக்கு யோசனை கேட்டு அவரிடம் வருவார்கள். இனி வருவார்களா என்று தெரியவில்லை.

நேற்று விளக்கு வைக்கும் நேரத்துக்குப் போன் வரவில்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அந்த நேரத்துக்கு வராமல் இருந்ததில்லை. செந்தில் போனைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மகிழ்கூட வந்து, தாத்தா ஏன் கூப்பிடவில்லை என்று தமிழில் கேட்டாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது இன்று போன் வந்தது. செந்தில் வேலையிலிருந்து திரும்பவில்லை. என் போனில்தான் வந்தது, வழக்கமாக மாமனார் என் போனுக்குக் கூப்பிடுவதில்லை.

“அந்தப் பையனூட்டுல தொடச்சுட்டாங்களா அம்மிணி?”

“தொடச்சுட்டாங்க மாமா. கார்ப்பெட் எல்லாம் எடுத்தாச்சு. ஃபேன் ஓடிட்டிருக்குதாம். கம்பெனியில வாடகை தர்றோம்னுட்டாங்களாம்.”

“செரி.”

அதோடு வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. பின்னால் எங்கோ ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

“நம்மூட்டுல?” என்றார். “நம்மூட்டுல ஈரம் காஞ்சிருச்சா, அம்மிணி?”